ஐவர்மலை போறவங்க எங்கிட்ட கேக்குற கேள்விகளும் எனக்குத் தெரிஞ்ச பதில்களும்

எங்க ஊரு நெய்க்காரப்பட்டி, பழனிக்கு மேக்கால. பழனிக்கு சாமி கும்பிட வர்ற சொந்தக்காரங்க, கோயம்புத்தூர்ல கூட வேலை பாத்தவங்க, அவங்களோட பிரண்ட்ஸுன்னு வருஷத்துக்கு பத்து பேராவது போன் போட்டு "ஐவர்மலைன்னு ஒண்ணு இருக்காமே, பழைய சமணர் கோயிலாமே, எப்படிங்க போறது"ன்னு கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் அனுப்பி தொண்டை கட்டிப்போச்சு. அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

சரி, எங்கதான் இருக்கு இந்த மலை?

பழனியிலேருந்து கொழுமம் போற ரோட்ல, பாப்பம்பட்டி தாண்டி. ஐயம்பாளையம்ங்கற ஊரை ஒட்டி தனியா நிக்குற பாறை மலை, தூரத்துலயே தெரிஞ்சிடும். பழனி பஸ் ஸ்டாண்டுல கொழுமம் பஸ் ஏறி கண்டக்டர்கிட்ட ஐவர்மலைன்னு சொன்னா போதும், அடிவாரத்துக்குப் பக்கத்துல இறக்கி விடுவாரு. வெளியூர்க்காரங்க ரயில்ல வர்றதா இருந்தா திண்டுக்கல் பொள்ளாச்சி லைன்ல பழனி ஸ்டேஷன் இருக்கு, அதே லைன்ல உடுமலைலயும் இறங்கலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, திரும்பி வர்ற பஸ் நேரத்தை போகும்போதே கேட்டுக்கணும். நான் ஒருதடவ கேக்காம விட்டுட்டு வெயில்ல முக்கா மணி நேரம் புளியமரத்தடியில நின்னேன்.

கொடைக்கானல்ல தங்கியிருக்கோம், ஒரே நாள்ல போயிட்டு வரலாமா?

முடியும், ஆனா காலைல சீக்கிரம் கிளம்பணும். பெருமாள்மலை வந்து பழனி காட் ரோட்ல இறங்கணும், கொடைக்கானலுக்கும் பழனிக்கும் 64 கிலோமீட்டர், வளைவு வளைவா இறங்கறதுனால கிலோமீட்டரைப் பாத்து நேரம் கணக்குப் போடாதீங்க. மேல ஸ்வெட்டர் போட்டு கிளம்புனவங்க கீழ வந்ததும் வேர்த்து ஊத்தி, சட்டையைக் கழட்டலாமான்னு யோசிப்பாங்க. வாந்தி வர்ற ஆளு வண்டியில இருந்தா புளிப்பு மிட்டாய் வாங்கி வெச்சுக்கங்க.

கோயில்னு சொல்றீங்க, கோபுரம் மண்டபம் எதையும் காணோமே?

இந்தக் கேள்விக்குத்தான் முன்கூட்டியே பதில் சொல்லணும், ஏன்னா இங்க வந்து ஏமாந்துபோறவங்க எல்லாம் மதுரை மீனாட்சி கோயில் மாதிரி ஒண்ணை மனசுல வெச்சுட்டு வர்றாங்க. இது கட்டுன கோயில் இல்லீங்க. மலையில இயற்கையா ஒரு பெரிய பாறை முன்னால நீட்டிக்கிட்டு கீழ குகை மாதிரி எடம் விட்டிருக்கு, நீளம் ஏறக்குறைய 160 அடி, உசரம் 13 அடி. அந்தப் பாறையோட நெத்தியில, அதாவது குகை வாசலுக்கு மேல, வரிசையா தீர்த்தங்கரர், அதாவது சமணர் கும்பிடுற பெரிய குருமார் உருவங்களைச் செதுக்கியிருக்காங்க. மொத்தம் 16 உருவம், ஆறு தொகுதியா. சில பேர் உக்காந்திருக்காங்க, சில பேர் நின்னுக்கிட்டு இருக்காங்க. பெருசா எல்லாம் இல்ல, தலையைத் தூக்கி நிதானமா பாத்தாத்தான் ஒவ்வொண்ணா கண்ணுல படும். அவசரமா போறவங்க ரெண்டு மூணு உருவத்தைப் பாத்துட்டு செல்பி எடுத்துட்டு இறங்கிடுறாங்க, மிச்சத்தைப் பாக்கவே இல்லைன்னு வீட்டுக்குப் போனப்புறம்தான் தெரியும்.

இது புத்தர் தானே?

இல்லீங்க. அடிக்கடி யாராவது "அந்த புத்தர் குகை"ன்னுதான் கேக்குறாங்க, அவங்க மேல தப்பு இல்ல, காலை மடக்கி கண்ணை மூடி உக்காந்திருந்தா நமக்கு உடனே புத்தர்தான் ஞாபகம் வரும். வித்தியாசம் சுலபம். புத்தர் மேல துணி இருக்கும், ஒரு தோள்லேருந்து மடிப்பு மடிப்பா இறங்கும். இங்க இருக்கறது திகம்பர மரபு, உடம்புல நூல் கூட கிடையாது. அப்புறம் தலைக்கு மேல மூணு அடுக்குக் குடை இருந்தா அது தீர்த்தங்கரர்தான். முக்குடைன்னு பேரு, மூணுக்கும் தனித்தனியா சந்திராதித்தியம், நித்திய விநோதம், சகலபாசனம்னு பேர் வெச்சிருக்காங்க.

அப்ப எது யாரோட உருவம்னு எப்படி கண்டுபிடிக்கறது?

எல்லாத்தையும் கண்டுபிடிக்க முடியாது. சமணத்துல தீர்த்தங்கரர் 24 பேரு, முதல்ல ரிஷபநாதர், கடைசியில மகாவீரர். உருவத்தைப் பாத்தா எல்லாரும் ஒரே மாதிரிதான் இருப்பாங்க, அடையாளச் சின்னத்தை வெச்சுத்தான் பிரிக்கணும், ஆயிரம் வருஷத்துக்கு மேல மழை வெயில்ல கிடந்த பாறையில அதெல்லாம் தேடறது கஷ்டம். ஒரே ஒருத்தரை மட்டும் சின்னப்புள்ள கூட கண்டுபிடிச்சிரும். தலைக்கு மேல நாகம் படம் எடுத்திருந்தா பார்சுவநாதர், 23ஆவது தீர்த்தங்கரர். அவர் தவத்துல இருக்கும்போது பழைய பகைக்காரன் ஒருத்தன் புயலும் மழையும் கல்லுமா ஏவி விட்டானாம், தரணேந்திரன்ங்கற நாகராஜன் வந்து படத்தை விரிச்சு காப்பாத்துச்சாம், கூடவே பத்மாவதிங்கற இயக்கியும், அதாவது காவல் தெய்வமும். கூட வர்ற பசங்ககிட்ட முதல்ல இந்தக் கதையைச் சொல்லிட்டு "எங்க, பாம்புக்காரரைக் கண்டுபிடி பாக்கலாம்"னு விட்டுருங்க. அரை மணி நேரம் உங்களுக்கு நிம்மதி.

பசங்க "சாமி ஏன் டிரஸ் போடல"ன்னு கேட்டா என்ன சொல்றது?

கேக்கத்தான் கேப்பாங்க, நெளியாதீங்க. எதுவுமே எனக்கு வேண்டாம், துணி கூட வேண்டாம்னு எல்லாத்தையும் விட்டவங்கன்னு சொன்னா போதும். என் அக்கா பையன் இதைக் கேட்டுட்டு "அப்ப குளுருக்கு என்ன பண்ணுவாங்க"ன்னு கேட்டான். நாலு வருஷம் ஆச்சு, இன்னும் நான் பதில் சொல்லல.

அங்க கல்வெட்டு இருக்குதாமே, என்னங்க எழுதியிருக்கு?

இதுக்காகவே போகலாம்னு சொல்லுவேன். பாண்டிய மன்னர் வரகுணரோட 8ஆவது ஆட்சி வருஷத்துல வெட்டுனது. அதுல ராஜா வருஷத்தோட சக வருஷமும் (சகாப்தம்ங்கற பழைய ஆண்டுக் கணக்கு) 792ன்னு போட்டிருக்கு, ஆங்கிலக் கணக்குல கி.பி. 870. சாதாரணமா பழைய கல்வெட்டுல "இன்ன ராஜாவுக்கு யாண்டு எட்டு"ன்னு மட்டும்தான் இருக்கும், அந்த ராஜா எப்ப பட்டத்துக்கு வந்தார்னு நமக்குத் தெரியாம முழிப்போம். இங்க ரெண்டு கணக்கையும் ஒரே கல்லுல போட்டுட்டதால இரண்டாம் வரகுணர் 862-63ல பட்டத்துக்கு வந்தார்னு கணக்குப் போட முடிஞ்சுது, அதைப் பிடிச்சுக்கிட்டு மத்த பாண்டிய ராஜாக்களோட காலத்தையும் வரிசைப்படுத்துனாங்க. பாண்டியர் வரலாறு எழுதுற எல்லாரும் இந்த மலைக்கு ஒரு கும்பிடு போட்டுத்தான் ஆகணும், ஆனா நம்ம பக்கத்து ஊர்க்காரங்கள்ல பாதிப் பேருக்கு இது தெரியாது.

விஷயத்துக்கு வர்றேன். குணவீரக்குரவடிகள்னு ஒரு குரு, அவரோட மாணாக்கர் சாந்திவீரக்குரவர். இந்த சாந்திவீரர் திருவயிரைல இருந்த பார்சுவ படாரரையும் (நம்ம பார்சுவநாதர்தான்) இயக்கி அவ்வைகளையும் புதுப்பிச்சாரு. புதுப்பிச்சதோட நிக்காம ரெண்டுக்கும் தடைபடாம படையல் நடக்கவும், ஒரு அடிகளுக்கு, அதாவது துறவிக்கு, சோறு போடவும் 505 காணம் (அந்தக் காலத்துப் பொன் அளவு) பொன் வெச்சுட்டுப் போனாரு. திருவயிரைன்னா இந்த மலைதான், அயிரைங்கறது பழைய பேரு.

இதுல என்னைப் புடிச்சு நிறுத்துனது ரெண்டு. முதல் விஷயம், "புதுக்கி"ன்னு சொல்லுதே, அப்படின்னா 870லயே அந்த உருவங்கள் பழசாகியிருக்கு, அதுக்கும் முந்தி எத்தனை வருஷமா இங்க ஆளுங்க இருந்தாங்களோ. ரெண்டாவது, ஓரடிகள். நூறு பேருக்கு அன்னதானம்னு எழுதல, ஒரே ஒரு துறவிக்கு தினமும் சோறு. மலை மேல ஒரு ஆளு உக்காந்திருக்காரு, அவரு பட்டினி கிடக்கக் கூடாதுன்னு ஒருத்தர் பொன்னை வெச்சுட்டுப் போயிருக்காரு. நான் முதல்ல இதைப் படிச்சுட்டு மறுபடி மலைக்குப் போனப்ப அந்தக் குகை வேற மாதிரி தெரிஞ்சுது, யாரோ தங்கியிருந்த வீடு மாதிரி.

இயக்கின்னா யட்சி. தெக்குச் சீமையில இசக்கியம்மன்னு கும்பிடுறாங்களே, அந்தப் பேரும் இதுலேருந்து வந்ததுதான்னு சொல்வாங்க.

அந்த எழுத்தை நாம போய் படிக்க முடியுமா?

தமிழ்தான், ஆனா வட்டெழுத்து. இன்னிக்குத் தமிழ் தெரிஞ்சவங்களால பழக்கம் இல்லாம படிக்க முடியாது, க எது ப எதுன்னே பிடிபடாது. தொல்லியல் துறைக்காரங்க 1905லயே படி எடுத்துட்டாங்க, அதனால வாசகம் அச்சுல இருக்கு, அதை பிரிண்ட் போட்டு கையில எடுத்துட்டுப் போங்க. நெடிய கல்வெட்டு மட்டும் இல்ல, உருவங்களை ஒட்டி செதுக்கச் சொன்னவங்களோட பேரும் இருக்கு, அதுல அச்சணந்திங்கற சமணத் துறவி பேரு முக்கியம். அவரு பேரு மதுரை ஆனைமலை, கீழக்குயில்குடி, உத்தமபாளையம், கன்னியாகுமரி பக்கம் சிதறால்னு எங்கெங்கயோ இருக்கு. பஸ்ஸு ரோடு இல்லாத காலத்துல நடந்தே இவ்வளவு ஊரும் போயிருக்காரு மனுஷன்.

உச்சி வெயில்ல போனா எழுத்து வெளுத்துத்தான் தெரியும், வெயில் சாய்வா விழுற நேரத்துல பள்ளத்துல நிழல் நின்னு கொஞ்சம் எடுப்பா தெரியும். பைனாகுலர் இருந்தா கொண்டு போங்க. தெளிவா தெரியட்டும்னு சாக்பீஸ், மாவு, தண்ணி எதையும் போட்டுத் தேய்க்காதீங்க, பாறை மேல ஏறவும் ஏறாதீங்க. மத்திய அரசு பாதுகாக்குற சின்னத்தைச் சேதப்படுத்தினா 2 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லைன்னா 1 லட்சம் வரைக்கும் அபராதம், சில சமயம் ரெண்டும்னு சட்டம் இருக்கு. சட்டத்தை விடுங்க, ஆயிரத்து நூத்தி அம்பது வருஷம் தாக்குப் பிடிச்ச எழுத்து பக்கத்துல "குமார் வெட்ஸ் பிரியா"ன்னு எழுத எப்படித்தான் மனசு வருதோ.

பாண்டவர் அஞ்சு பேர் தங்குன மலைன்னு சொல்றாங்க, நீங்க சமணர் மலைங்கறீங்க, எதுங்க நெஜம்?

ஊர்ல கேட்டா பஞ்ச பாண்டவர் வனவாசத்துல தங்குன எடம், அதான் ஐவர்மலைன்னு சொல்வாங்க, குகைக்குள்ள திரௌபதியம்மனும் இருக்கு. அயிரைங்கற பேரு வாய்வழக்குல ஐவர்னு திரிஞ்சிருக்கும்னு படிச்சவங்க சொல்றாங்க. பதிற்றுப்பத்துல சேர ராஜாக்கள் அயிரை மலைக் கொற்றவையைக் கும்பிட்டதா வருது, அந்த அயிரையும் இதுதான்னு ஒரு தரப்பு. போகர் பழனி முருகன் நவபாஷாணச் சிலையை இங்க வெச்சுத்தான் செஞ்சாருன்னு இன்னொரு கதையும் ஓடுது.

எனக்கு இதுல சண்டை போட விருப்பம் இல்ல. எங்க பாட்டி ஆடி அமாவாசைக்கு ஐவர்மலை போயிட்டு வந்துதான் வாய்ல தண்ணி ஊத்தும், அது கும்பிட்டது யாரைன்னு அதுகிட்ட கேட்டா "மலையத்தான் கும்புட்டேன் போடா"ன்னு சொல்லும். கல்லுல எழுதியிருக்கறது சமணத்தைப் பத்தி, அதை இல்லைன்னு சொல்ல முடியாது. இன்னிக்கு விளக்கு ஏத்துறது திரௌபதிக்கு, அதையும் இல்லைன்னு சொல்ல முடியாது. அங்க போய் பூசாரிகிட்ட "இது உங்க கோயிலே இல்ல தெரியுமா"ன்னு லெக்சர் எடுக்குற ஆளுங்களைப் பாத்திருக்கேன், தயவுசெஞ்சு அந்த வேலை வேண்டாம். ரொம்ப காலமா அந்த எடத்துல ஆள் புழக்கம் விட்டுப் போகாம இருக்கறதுக்கு அவங்கதான் காரணம்.

ஞானசம்பந்தர் காலத்துலயே மதுரைப் பக்கம் சமணர் எல்லாம் ஒழிஞ்சுட்டாங்கன்னு படிச்சோமே?

சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டு. இந்தக் கல்வெட்டு 870. சம்பந்தருக்கு இருநூறு வருஷம் கழிச்சும் பாண்டியர் ஆட்சி வருஷத்தைப் போட்டு ஒரு சமண குரு பொன் தானம் பண்ணியிருக்காரு, குருவோட குரு பேரையும் எழுதியிருக்காரு. ஒழிஞ்சிருந்தா இதெல்லாம் நடக்குமா? மதுரை சுத்தி இருக்கற மலைகள்ல பாறைச் சிற்பங்கள்ல நெறைய ஒன்பதாம் பத்தாம் நூற்றாண்டுதான். நம்ம படிச்ச கதையும் கல்லு சொல்ற கதையும் ஒத்துப் போகலைன்னா நான் கல்லு பக்கம்.

இப்பவும் சமண பூஜை நடக்குதா?

தினசரி சமண பூஜைன்னு எதையும் எதிர்பாத்துட்டு வராதீங்க. சமணர்கள் யாத்திரையா வருவாங்க, கும்பிட்டுட்டுப் போவாங்க. வடக்கேருந்து வந்து கடை வெச்சிருக்கறவங்கதான் ஜெயின்னு நாம நெனச்சுட்டு இருக்கோம், ஆனா தமிழே தாய்மொழியா இருக்கற சமணர்கள் வந்தவாசி, திண்டிவனம், ஆரணி பக்கமெல்லாம் வழிவழியா இருக்காங்க, மேல்சித்தாமூர்ல மடமே இருக்கு.

சமண நண்பர்களைக் கூட்டிட்டு வர்றோம், சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

இதுல நான் அடிபட்டவன். வந்தவாசி பக்கத்துலேருந்து ஒரு குடும்பம் வந்துச்சு, கோயம்புத்தூர் நண்பர் அனுப்பிவெச்சது, ஒரு வயசான அம்மா, அவங்க மகன், மருமக. நான் பெரிய மனுஷனாட்டம் ராத்திரிக்கு வீட்ல உருளைக்கிழங்கு பொரியல், வெங்காய சாம்பார்னு ரெடி பண்ணச் சொல்லிட்டேன். அந்தம்மா சிரிச்சுட்டே "தம்பி, பொழுது சாஞ்சா நாங்க சாப்பிடறது இல்லப்பா, கிழங்கும் ஆகாது"ன்னாங்க. மண்ணுக்கு அடியில விளையற கிழங்கு, வெங்காயம், பூண்டு கிடையாது, இருட்டுனப்புறம் விளக்கு வெளிச்சத்துல பூச்சி விழுந்து சாகும்னு சாப்பாடும் கிடையாது. எல்லாரும் ஒரே அளவு கண்டிப்பா இருக்க மாட்டாங்க, முன்னாடியே கேட்டுக்கங்க. சரி போகட்டும்னு பஞ்சாமிர்தம் ஒரு டப்பா எடுத்து நீட்டுனேன், அதையும் வாங்கல, அதுல தேன் இருக்குதாம், தேனும் அவங்களுக்கு ஆகாது. பழனிக்காரன் நான் பஞ்சாமிர்தம் குடுத்து வேண்டாம்னு சொன்ன ஒரே ஆளு அந்தம்மாதான். கடைசியில ஆயக்குடி கொய்யாவும் மலை வாழைப்பழமும் வாங்கிக் குடுத்தேன், சந்தோஷமா சாப்பிட்டாங்க, அதுவும் ஆறு மணிக்குள்ள.

மறுநாள் மலைக்குப் போனோம். அந்தம்மா பார்சுவநாதரைப் பாத்து கை கூப்பி நின்னாங்க, ரொம்ப நேரம், ஒண்ணும் பேசல. நான் சின்ன வயசுலேருந்து எத்தனையோ தடவ அந்தப் பாறைக்குக் கீழ உக்காந்து சுண்டல் தின்னிருக்கேன், அன்னிக்குத்தான் எழுந்து நின்னேன்.

மலை அடிவாரத்துல ஓட்டல் இருக்கா?

இல்ல. பெட்டிக்கடை அளவுக்குத்தான். தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டர் எடுத்துட்டுப் போங்க, காலி பாட்டிலை திருப்பி எடுத்துட்டு வாங்க.

டிக்கெட், போட்டோ?

டிக்கெட் கிடையாது. போன்ல போட்டோ எடுக்கலாம், பூஜை நடக்கும்போது மட்டும் கேட்டுட்டு எடுங்க.

செருப்பு, பெல்ட் எல்லாம் போட்டுட்டுப் போகலாமா?

பாறை சுடும், மேல ஏறுற வரைக்கும் செருப்போட போங்க, குகைத்தளத்துக்குள்ள கழட்டிருங்க. சமணர் கூட போனா தோல் பெல்ட், தோல் பர்ஸ் வண்டியிலயே வெச்சுட்டுப் போறது மரியாதை. எண்ணெய், மஞ்சள், குங்குமம் எதையும் சிற்பத்து மேல பூசாதீங்க. பாறை இடுக்குல மலைத்தேனீ கூடு கட்டியிருந்தா சத்தம் போடாம, கற்பூரப் புகை விடாம தள்ளிப் போயிருங்க. கொட்டுனா இறங்கி ஓடுறதுக்கு அது சமதரை இல்ல.

வயசானவங்க, குழந்தைங்க ஏறிடுவாங்களா?

மெதுவா ஏறினா ஏறிடலாம். முட்டி வலிக்காரங்க இறங்கும்போதுதான் கஷ்டப்படுவாங்க, ஒரு குச்சி கையில இருக்கட்டும். நான் கூட்டிட்டுப் போன அந்தம்மாவுக்கு எழுபதுக்கு மேல, நாலு எடத்துல உக்காந்து ஏறுனாங்க.

எந்த மாசம் போறது நல்லது?

மார்கழி, தை. தை மாசம்னா பழனியில தைப்பூசக் கூட்டம், ரூம் கிடைக்காது, பாதயாத்திரைக்காரங்களால ரோடு நெறைஞ்சிருக்கும், அந்த ஒரு வாரத்தைத் தவிருங்க. சித்திரை வைகாசியில பாறை அடுப்பு. ஐப்பசி கார்த்திகையில மழை, பாறை வழுக்கும், ஆனா மழை விட்ட மறுநாள் போனா மேலேருந்து பாக்குற காட்சி இருக்கே, தெக்கால பழனி மலைத்தொடர் முழுசா சுவரு மாதிரி நீலமா நிக்கும், கொழுமம் குமரலிங்கம் பக்கம் அமராவதி பாசனத்துல நெல்லும் தென்னையும் பச்சையா கிடக்கும். ஆனி ஆடியில காத்து ஆளைத் தள்ளும், தொப்பி போட்டுட்டுப் போகாதீங்க.

ஆடி அமாவாசைக்கு வரலாமா?

திருவிழா பாக்கணும்னா வாங்க, சிற்பம் பாக்கணும்னா வராதீங்க. அன்னிக்கு கூட்டத்துல தலையைத் தூக்கி மேல பாத்தீங்கன்னா பின்னால வர்றவங்க உங்களைத் தள்ளிட்டுப் போயிருவாங்க.

எவ்வளவு நேரம் ஒதுக்கணும்? பக்கத்துல வேற என்ன இருக்கு?

பழனி முருகனைப் பாத்துட்டு "வர்ற வழியில பத்து நிமிஷம்"னு வர்றவங்களுக்கு நான் வழி சொல்றதையே நிறுத்திட்டேன். அரை நாள் வேணும், ஏறி இறங்கறதைச் சேர்க்காம மேல ரெண்டு மணி நேரமாவது. மிச்ச நேரத்துக்கு அமராவதி அணையும் முதலைப் பண்ணையும் பக்கம். சமண எடங்களாவே பாக்கணும்னா தேனி மாவட்டம் உத்தமபாளையத்துல பாறைச் சிற்பம் இருக்கு, இல்ல கொங்குப் பக்கம் பெருந்துறை தாண்டி விஜயமங்கலம் போங்க, அங்க சந்திரப்பிரபர் கோயில், அது கட்டுன கோயில், கோபுரம் இல்லைன்னு கேட்டீங்களே, அங்க இருக்கு.

கூட வந்து காட்ட ஆள் கிடைக்குமா?

தனியா கைடுன்னு யாரும் இல்ல. ஞாயித்துக்கிழமைன்னா நான் சும்மாதான் இருப்பேன், நெய்க்காரப்பட்டி பஸ் ஸ்டாப்ல இறங்கி டீக்கடையில உக்காந்துட்டு போன் பண்ணுங்க. டீ நீங்கதான் வாங்கித் தரணும்.